பழைய பக்கம்

ரிஷிவந்தியத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பையன் கேட்டான்: "நான் எங்க சார் தப்பு பண்ணேன்?" அவன் கையிலிருந்தது 2012இல் நான் எழுதிய நாலு பக்கக் குறிப்பின் ஜெராக்ஸ். அரசு தந்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்த சமயம் அது. லினக்ஸ் கெர்னலோடு சேராத ஒரு டிரைவரைக் கம்பைல் செய்வது எப்படி என்று தமிழில் எழுதி வைத்தேன். பையன் இரண்டு இரவுகள் அதன்படியே செய்து பார்த்திருக்கிறான். அவன் செய்ததில் தப்பே இல்லை.

தப்பு ஒரு சொல்லில். டிரைவரின் நிரல் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்பதை 'ஸப்டைர்ஸ்' என்ற பெயரில் கொடுக்கச் சொல்லியிருந்தேன். அதற்குப் பதிலாக 'எம்' என்ற ஒற்றை எழுத்து முன்பே வந்திருந்தது. பழையதும் செல்லுபடியானதால் நான் மெனக்கெடவில்லை. சில பதிப்புகளில் எச்சரிக்கை கொடுத்துவிட்டு, 2019 நவம்பரில் வெளியான 5.4இல் பழையதை எடுத்துவிட்டார்கள். அதே மாதம் எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போயிற்று. பழைய மாவட்டப் பெயரில் வரும் தபாலும் இங்கே வந்து சேர்ந்துவிடும். தபால்காரருக்கு எங்களைத் தெரியும். 'மேக்' என்கிற நிரலுக்கு அந்த தயவு கிடையாது. தனக்கு அர்த்தமில்லாத பெயரைக் கண்டால் ஆட்சேபிக்காது. பேசாமல் தாண்டிப் போய், கேட்காத வேலையைத் தொடங்கி, சம்பந்தமில்லாத இடத்தில் விழும்.

பொய் சொன்னது யார்? எழுதியபோது அது உண்மை. பொய்க்கு உத்தேசம் வேண்டுமென்றால் இங்கே பொய்யன் இல்லை. ஏமாந்தவன் மட்டும் இருக்கிறான். அவனும் சந்தேகித்தது காகிதத்தை அல்ல, தன்னை.

நிரலே ஆவணம், வேண்டியவன் மேக்ஃபைலைப் படித்துக்கொள்ளட்டும் என்பார்கள். உள்ளே இருப்பவனின் வாதம் இது. (புரியாதவன் நம் வாசகனல்ல என்று நாமும் இந்த மாதிரிப் பக்கங்களில் சொன்னவர்கள்தான்.) கெர்னலில் ஆவணங்கள் நிரலோடு ஒரே மரத்தில், 'டாக்குமென்டேஷன்' டைரக்டரியில் இருக்கின்றன. விதியை மாற்றுகிற திருத்தத்திலேயே அதன் விளக்கத்தையும் மாற்றிவிடலாம். எப்போதும் மாற்றுகிறார்கள் என்றில்லை. ஆனால் பிறகு பார்க்கலாம் என்ற சாக்கு அங்கே பலவீனப்பட்டுவிடுகிறது.

திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் உத்தரவிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். ராஜேந்திரன் காலத்தில் திரும்ப வெட்டினார்கள். இடிக்கிறவனுக்கே எழுத்தின் பொறுப்பும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அவர்கள் வேலை ஒரு வகையில் சுலபம், வாசகம் மாறாமலிருந்தால் போதும். எனக்கோ வாசகம் மாறியாக வேண்டும். என் எழுத்தோ சுவரில் இல்லை. ஜெராக்ஸாகி எங்கெங்கோ போய்விட்டது. நான் இடிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் மனம் வரவில்லை. 'எம்' வந்தது தெரிந்தும் சும்மா இருந்தவன்.

பையனின் நகலில் பழைய சொல்லை அடித்து 'எம்' என்று எழுதினேன். மேலே தேதியும் கெர்னல் பதிப்பு எண்ணும் போட்டேன். 2012இல் அது தோன்றவில்லை.

அவன் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இது இன்னும் யார் யார்கிட்ட சார் இருக்கும்?"