சாயலும் மெய்யும்

கண்ணாடியில் தெரியும் முகம் முகமன்று. ஆயினும் முகத்தில் படிந்த கறையை அதுவே நமக்குக் காட்டித் தருகிறது. ஒன்றின் சாயலைக் கண்டு அதன் மெய்யை அறிய இயலுமா? இயலுமெனில் எவ்வளவு? இவ்வினா தத்துவ நூல்களுக்குள் மட்டும் அடங்கிக் கிடந்த காலம் போய்விட்டது. இன்று அது இயற்பியல் ஆய்வுக்கூடங்களில், லேசர் ஒளிக்கும் குளிர்ந்த அணுக்களுக்கும் நடுவே எழுந்து நிற்கிறது. அதனைச் சற்று ஆர அமர எண்ணிப் பார்ப்போம்.

1911-ஆம் ஆண்டு ஹாலந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓனஸ் என்னும் அறிஞர் பாதரசத்தை ஏறத்தாழ −269 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தார். அந்நிலையில் அதன் மின்தடை அறவே மறைந்தது. மீகடத்தல் என வழங்கும் இவ்விந்தையின் காரணத்தை பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்னும் மூவர் விளக்கியது 1957-இல். கண்டதற்கும் புரிந்ததற்கும் இடையே 46 ஆண்டுகள்! பின்னர் 1986-இல் சுவிட்சர்லாந்தில் பெட்நோர்ஸ், முல்லர் ஆகிய இருவர், செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளில் ஏறத்தாழ −238 பாகையிலேயே மின்தடை விழத் தொடங்குவதைக் கண்டனர். மறு ஆண்டே அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் காரணம்? அறிஞர் அனைவரும் ஒப்பும் விளக்கம் இன்றுவரை பிறக்கவில்லை.

அறிவுக் குறைவால் நேர்ந்த தாமதமன்று இது. 1963-இல் ஜான் ஹப்பார்டு என்பார் மிக எளிய ஒரு மாதிரியை வகுத்தார். கட்டம் போட்ட பலகை ஒன்றை நினைத்துக்கொள்வோம். எலெக்ட்ரான்கள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்குத் தாவும். ஒரே கட்டத்தில் இரண்டு சேர்ந்தால் அதற்கென ஆற்றல் செலவாகும். இவ்வளவே விதி. ஒவ்வொரு கட்டத்திற்கும் நான்கு நிலைகள் உண்டு. பத்துக் கட்டங்களுக்கு அவை பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட அமைப்புகளாகப் பெருகும். நூறு கட்டங்களுக்கோ 61 இலக்கங்கள் கொண்ட எண்! விதியைக் குழந்தைக்கும் சொல்லிவிடலாம். விளைவைக் கணக்கிட உலகிலுள்ள கணிப்பொறிகள் யாவும் சேர்ந்தாலும் போதா. பலவாகும்போது பொருள் புதிதாகி விடுகிறது என்று பிலிப் ஆண்டர்சன் 1972-இல் எழுதிய கட்டுரை வற்புறுத்தியதும் இதனையே. ஒரு துளியின் இயல்பை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும் அலையின் இயல்பு அதில் தெரிவதில்லை அன்றோ?

1981-இல் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் என்னும் இயற்பியலார் வேறொரு வழியைச் சுட்டினார். இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறதென்றால், அதனைப் போலச் செய்யும் கருவியும் குவாண்டம் விதிப்படியே நடக்கட்டும் என்பது அவர் கருத்து. கணக்கிடுவதை விட்டு, இயற்கையின் ஒரு பகுதியைக் கொண்டே மற்றொரு பகுதியை நடித்துக்காட்டச் செய்யும் முயற்சி இது.

2002-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இது கண்கூடாயிற்று. எதிரெதிர் லேசர் கதிர்களைப் பின்னி, முட்டைத் தட்டில் குழிகள் இருப்பது போல, ஒளியாலேயே குழிகள் அமைத்தனர். அவற்றில் கடுங்குளிரில் வைத்த ரூபிடியம் அணுக்களை இட்டனர். குழிகள் ஆழமற்றிருந்தபோது அணுக்கள் தடையின்றி எங்கும் பரவின. ஒளியை வலுப்படுத்திக் குழிகளை ஆழமாக்கியதும், ஒவ்வோர் அணுவும் தன் குழியில் அடங்கி, ஓட்டம் நின்றது. ஒளியைத் தணித்ததும் ஓட்டம் மீண்டது. 2017-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரான்களின் இடத்தில் லித்தியம் அணுக்களை வைத்து, ஏறத்தாழ 80 இடங்கள் கொண்ட ஓர் அமைப்பில், அவை மேலும் கீழுமாக மாறி மாறி நிற்கும் காந்த ஒழுங்கைக் கண்டனர். செம்பு ஆக்சைடுப் பொருள்கள் மீகடத்திகளாகு முன்னர்க் கொண்டிருக்கும் ஒழுங்கும் இதுவே.

இங்கேதான் நம் வினா எழுகிறது. அந்த லித்தியம் அணு எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 11,000 மடங்கு கனமானது. ஒளிக் குழிகளின் இடைவெளி, திண்பொருளில் அணுக்களுக்கிடையே உள்ளதைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகம். உண்மைப் பொருளில் உள்ள அதிர்வுகளும் மாசுகளும் அங்கில்லை. அவ்வாறாயின், நாம் கண்டது செம்பு ஆக்சைடையா? அன்று. ஹப்பார்டின் மாதிரியையே கண்டோம். அந்த மாதிரி செம்பு ஆக்சைடுக்குப் பொருந்துமா என்பது வேறு வழியில் நிறுவப்பட வேண்டியது.

கணக்குச் சரியாக வருவது வேறு. உள்ளது உள்ளபடி தெரிவது வேறு. இந்த நுட்பத்தை இப்னுல் ஹைதம் பதினோராம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தார். தாலமியின் வானியல், கோள்களின் இடத்தை நன்றாகவே கணித்துத் தந்தது. ஆயினும் அதில் கற்பித்த சில அமைப்புகள் மெய்யான கோளங்களில் இருக்கவே முடியாதவை என்று, தாலமி மீதான ஐயங்களைத் தொகுத்த தம் நூலில் அவர் துணிந்து எழுதினார். விடை பொருந்துகிறதே என்று அவர் அமைதி கொள்ளவில்லை. அவ்வதிருப்தியே பின்னாளில் மராகாவில் நஸீருத்தீன் தூஸியையும், டமாஸ்கஸில் இப்னுஷ் ஷாத்திரையும் வேறு அமைப்புகளைத் தேடச் செய்தது.

அப்படியானால் சாயல் வெறும் பொய்யா? அதுவும் அன்று. ஓவியத்து நெருப்பு சுடாது. கணிப்பொறியில் பெய்யும் மழை யாரையும் நனைக்காது. ஆனால் மியூனிக் ஆய்வுக்கூடத்தில் அணுக்களின் ஓட்டம் மெய்யாகவே நின்றது. அங்கு நிகழ்ந்தது படமன்று, நிகழ்ச்சி. பாய் நெசவில் இதற்கோர் உவமை காணலாம். ஒரு கட்டத்தைக் கோரையில் நெய்தாலும் பட்டில் நெய்தாலும் கட்டம் கட்டமே. பட்டின் மென்மையைக் கோரையில் தேடினால்தான் ஏமாற்றம். எந்தப் பண்பு அமைப்பைச் சார்ந்ததோ, அதனைப் பொறுத்தவரை சாயலே மெய். எந்தப் பண்பு இழையைச் சார்ந்ததோ, அதனைப் பொறுத்தவரை சாயல் வாய் திறக்க உரிமையற்றது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அறிஞரின் முதற்கடமை என்பது நம் கருத்து.

இன்னொன்றும் உண்டு. கருவி விடையைத் தரும், காரணத்தைத் தருவதில்லை. இந்த மாதிரியில் மீகடத்தல் நிகழும் என்று அணுக்கள் நாளை நடித்துக் காட்டினாலும், ஏன் நிகழ்கிறது என்பதை மனிதனே சிந்தித்துத் தெளிய வேண்டும். விடை கிடைத்ததும் சிந்தனையை மூட்டை கட்டி வைப்பவன், பயணத்தின் பாதியில் ஊர் வந்துவிட்டதென்று இறங்கியவனை ஒப்பான்.

இவையெல்லாம் அறிஞர்களுக்குள்ள சங்கடம்; இல்லறத்தில் உழலும் நமக்கென்ன என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. 2022-ஆம் ஆண்டு இறுதியில், ஒன்பது குவாண்டம் பிட்டுகளைக் கொண்டு நடத்திய ஒரு சோதனை வெளியாயிற்று. விண்வெளியின் இரு இடங்களைக் குறுக்கே இணைக்கும் புழுத்துளை பற்றிய கணிதத்தோடு தொடர்புடைய ஓர் எளிய மாதிரியை அது போலச் செய்தது. ஆனால் புழுத்துளையையே மனிதன் படைத்துவிட்டான் என்னும் பொருள்படச் செய்திகள் பரவின. அடுத்த ஆண்டே வேறு அறிஞர்கள், அந்த எளிய மாதிரி அவ்வளவு பொருளைத் தாங்குமா என்று ஐயம் எழுப்பினர். அந்த ஐயம் எத்தனை வீடுகளை எட்டியது?

சாட்சி சொல்ல நிற்பவன் கண்டதைக் கண்டேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும், ஊகித்ததை ஊகித்தேன் என்றும் பிரித்துச் சொல்லக் கடமைப்பட்டவன். மூன்றையும் கலந்துவிட்டால், அவன் பொய்யே சொல்லாதிருந்தும் நீதி பிழைத்துவிடும். ஆய்வாளனும் ஒரு சாட்சியே. அவன் சொல்லை நாம் சரிபார்க்க இயலாது, நம்பத்தான் இயலும். ஆதலால் அவன் சொல்லின் அளவு அவன் கண்டதன் அளவைத் தாண்டுவது, வெறும் மொழிப் பிழையன்று. அமானிதத்தில் நேர்ந்த குறை.

பழியை அவர்கள் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. அளந்து பேசும் அறிஞனைவிட, அதிசயம் சொல்பவனுக்கே நாம் காது கொடுக்கிறோம். வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் வந்த வியப்புச் செய்தியை நீட்டும்போது, மகிழ்ந்து அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். அவ்வேளையில் ஒரே ஒரு வினாவைப் பிள்ளையோடு சேர்ந்து நாமும் கேட்கலாம்: இவர்கள் கண்டது பொருளையா, பொருளின் சாயலையா? அவ்வினா பிள்ளையின் ஆர்வத்தைக் கெடுத்துவிடாது. எங்கே மெய் முடிந்து சாயல் தொடங்குகிறது என்று தேடும் மனத்தில்தான் ஆய்வாளன் பிறக்கிறான்.

கண்ணாடியை உடைக்க வேண்டியதில்லை. அதனை முகமென்று எண்ணாதிருந்தால் போதும்.