நட்ட கணக்கு

மரம் நடுகிறவன் நல்லவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. அசோகரைப் பற்றி வேறெதுவும் ஞாபகமில்லாத பையன்கூட அவர் சாலையோரங்களில் மரம் நட்டார் என்று எழுதி மார்க் வாங்கிவிடுவான். கலிங்கத்தில் நடந்ததன் மேல் அந்த மரங்களின் நிழல் விழுந்து கிடக்கிறது. அந்த நிழலில் நானும் சில வருஷங்களாக ஒதுங்கி நிற்கிறேன். அதைப் பற்றித்தான் இது.

கனடாவில் படித்துக்கொண்டிருந்தபோது, 2015, 2016 இரண்டு கோடைகளிலும் ஒண்டாரியோ மாகாணத்தின் வடக்கே மரம் நடும் கூலியாக இருந்தேன். லாங்லாக் என்ற சிற்றூரிலிருந்து, மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட சரளை ரோட்டில் இரண்டு மணி நேரம் உள்ளே போக வேண்டும். அங்கே கூடாரங்கள். போனில் சொன்னபோது அம்மாயி சிரித்தாள். "காட்டு வேலைக்கா கண்ணு கடல் தாண்டிப் போனே?" எங்கள் கொங்குப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம்; சோளமும் கொள்ளும் விளைகிற இடம். பிணத்தைக் கொண்டுபோகிற இடமும் காடுதான். அம்மாயி தெரிந்து சொல்லவில்லை. ஆனால் நான் போன இடம் எல்லா அர்த்தத்திலும் காடாக இருந்தது.

ஏனென்றால், மரம் நடப் போகிறவன் வனத்துக்குள் போவதில்லை. வனம் இருந்த இடத்துக்குப் போகிறான். கண்ணுக்கெட்டிய வரை மொட்டை. அடிக்கட்டைகள், முறிந்த கிளைகள், இயந்திரம் உழுதுபோட்ட சேறு. இடுப்பில் கன்றுப் பைகள், கையில் குறுகலான ஒரு ஷவல். ஷவலைக் குத்தி, முன்னே தள்ளி, பிளவில் கன்றின் வேரை மடங்காமல் இறக்கி, காலால் மிதித்து மூட வேண்டும். இரண்டடி வைத்து மறுபடியும். நல்ல நாளில் இது இரண்டாயிரம் தடவை. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்; கருப்பு ஈக்கள் காதின் பின்புறத்தைக் கடித்து ரத்தம் கழுத்தில் காய்ந்திருக்கும். கூலி மணிக்கணக்கில் அல்ல, கன்றுக் கணக்கில். எனக்குக் கன்றுக்குப் பத்து சென்ட்.

வடக்குக் காடுகளைப் பற்றி நம்மவர்கள் படித்திருக்கும் இலக்கியம் பெரும்பாலும் பார்க்கிறவர்களுடையது. காரி ஸ்னைடர் 1952லும் 1953லும், ஜாக் கெரூவாக் 1956லும் வாஷிங்டன் மாகாணத்து மலையுச்சிகளில் காட்டுத் தீக்குக் காவல் இருந்தார்கள். உச்சியில் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்குச் சூன்யம்கூடத் தரிசனமாகலாம். குனிந்து நடுகிறவனுக்குத் தெரிவது அடுத்த இரண்டு மீட்டர் மண். அந்த வேலையில் எனக்கு எந்த விகாசமும் ஏற்படவில்லை. ஏற்பட்டதாக எழுதுகிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

நம்பிக்கை, சோதனை இரண்டும் அங்கே விசித்திரமாகக் கலந்திருந்தன. 3.99 மீட்டர் நீளக் கயிற்றோடு பரிசோதகர் வருவார். கயிற்றின் ஒரு முனையை ஊன்றி வட்டம் சுற்றினால் 50 சதுர மீட்டர், அதாவது ஹெக்டேரில் இருநூற்றில் ஒரு பங்கு. வட்டத்துக்குள் 9 கன்று இருந்தால் ஹெக்டேருக்கு 1,800. கன்றின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். சிலவற்றைத் தோண்டி வேரைப் பார்ப்பார். வட்டம் விழாத இடமோ ஏராளம். சாயங்காலம் மேஸ்திரி ஒவ்வொருவரிடமும் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வான். அந்த எண் நம் வாய்ச்சொல்தான்.

2016 ஜூனில் ஒருநாள், மழையில், என் நிலம் ஒரு சதுப்பில் போய் முடிந்தது. முழங்கால் ஆழம் பாசி. ஷவலை எங்கே குத்தினாலும் தண்ணீர். பையில் நான்கு கட்டு மிச்சம், கட்டுக்கு 20 கன்று, பிளாஸ்டிக் சுற்றியபடியே. பாசியைக் கையால் கிளப்பி நான்கையும் உள்ளே வைத்து மூடினேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அன்று நான் நட்டது 2,080. மேஸ்திரியிடம் சொன்னது 2,160. அவன் எழுதிக்கொண்டு "நல்ல நாள்" என்றான். மறுநாள் பரிசோதகரின் வட்டங்கள் வேறெங்கோ விழுந்து எல்லாம் சரியாக இருந்தது. எட்டு டாலர் வந்தது.

இதனால் யாருக்கு என்ன கெட்டது என்று பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். அங்கே காடு முளைக்க நான் தேவையே இல்லை. ஜாக் பைனின் காய்கள் பெரும்பாலும் பிசினால் ஒட்டி மூடியிருக்கும். தீயின் வெப்பத்தில் பிசின் இளகி, செதில் விரிந்து, எரிந்த மண்ணில் விதை கொட்டும். ஆயிரக்கணக்கான வருஷங்களாகத் தீ செய்துவந்த காரியத்தை, தீயைத் தடுத்து மரத்தை வெட்டிக்கொண்டுபோன பிறகு, கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிறார்கள். நட்டதோடும் விடுவதில்லை. ஒண்டாரியோவில் பல இடங்களில் சில வருஷம் கழித்து ஆகாயத்திலிருந்து கிளைபோசேட் தெளிப்பார்கள். தானாக முளைத்த ஆஸ்பெனும் பிர்ச்சும் பட்டுப்போகும்; விற்பதற்கென்று நட்ட ஊசியிலை மரம் தப்பும். க்யூபெக் மாகாணம் தன் பொதுக் காடுகளில் இதை 2001இல் நிறுத்திவிட்டது. அப்புறம் எண்பது வருஷமோ நூறு வருஷமோ போனால் மறுபடி வெட்டு. அதற்குள் எரியாமலிருந்தால். 2023இல் மட்டும் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. காய் பிடிக்காத இளமரங்கள் எரிந்தால் விதையும் மிஞ்சாது. இத்தனைக்கும் நடுவே எண்பது கன்று என்ன பெரிய வித்தியாசம்?

விளைவை வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. உடனே ஸிஸிஃபஸைக் கூப்பிடலாம்தான். ஆனால் ஸிஸிஃபஸுக்குப் பத்து சென்ட் கொடுத்தவர் யாருமில்லை. கல்லை ஒளித்துவைக்க இடமும் இல்லை.

எனக்கு உதவியவன் கான்ட்டின் மளிகைக்கடைக்காரன். உதவி என்பதைவிட உபத்திரவம் என்று சொல்லலாம். 1785இல் வெளிவந்த நூலில் வருகிற அவன் விவரம் தெரியாத குழந்தையிடம்கூடக் கூடுதல் விலை வாங்காதவன். ஆனால் நேர்மை வியாபாரத்துக்கு நல்லது என்பதற்காக அப்படி இருந்தால் அதில் அற மதிப்பு எதுவுமில்லை என்கிறார் கான்ட். இதை என் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். அந்த 2,080 கன்றையும் வேர் மடங்காமல் ஏன் நட்டேன்? காசுக்கும் கயிற்றுக்கும் பயந்து. அப்படியானால் அவற்றில் அறம் என்று எதுவுமில்லை, பாவமும் இல்லை. காசும் பயமும் விலகி, எப்படியும் செய்யலாம் என்று நான் சுதந்திரமாக நின்ற இடம் அந்தச் சதுப்பு ஒன்றுதான். இரண்டு கோடைகளில் ஒரு மனிதனாகத் தேர்ந்து நான் செய்த ஒரே காரியம் எண்பது கன்றுகளைப் புதைத்தது.

இந்த முடிவை என்னால் முழுசாக ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. மக்கிய அடிமரங்களுக்குப் பின்னால், எந்தப் பரிசோதகனும் எட்டிப்பார்க்காத மூலைகளிலும் கன்றுகளை நேராக வைத்திருக்கிறேன். யாருக்காக? கைப் பழக்கம். அம்மாயி களை எடுத்தால் வேலியோரத்து மூலையையும் விடமாட்டாள். கேட்டால் "கை நிக்காது" என்பாள். அதை அறம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாயிருக்கிறது, இல்லை என்று சொல்லவும் துணிச்சலில்லை. ஆனால் அந்தக் கை மழையில் நின்றுவிட்டதே. பழக்கம் அறமானால், ஒரு மழைக்குத் தாங்காத அறம்.

எட்டு டாலர் இப்போது உறுத்துவதில்லை. ஊர் திரும்பிய பிறகு நடந்ததுதான் உறுத்துகிறது. கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் மரம் நடு விழா. என்னைப் பற்றி யாரோ சொல்லி அழைத்திருந்தார்கள். எத்தனை மரம் நட்டீர்கள் என்று மேடையில் கேட்டார்கள். கூலிச் சீட்டுகளைக் கூட்டி வைத்திருந்த எண்ணைச் சொன்னேன்: ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம். கைதட்டல். பொன்னாடை. வெட்டுக்காரனின் சம்பளப் பட்டியலில் என் பெயர் இருந்ததையோ, கன்றுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதையோ நான் சொல்லவில்லை. மேஸ்திரியிடம் சொன்னது ஒரு நாளின் பொய். அவனுக்கும் எனக்கும் இடையில் இருந்தது. மேடையில் நான் வாங்கியது புண்ணியம். கூலி வாங்கி முடித்த வேலைக்கு இரண்டாம் தடவை வாங்கியது. அந்த எண்ணில் எண்பதும் அடக்கம்.

விருந்தினர்கள் நடுவதற்கென்று குழிகள் முன்பே வெட்டி வைத்திருந்தார்கள். நான் வேப்பங்கன்றை இறக்கி மண்ணைத் தள்ளியதும் போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரும் நகர்ந்தார்கள். தோட்டக்காரர் மட்டும் நின்று, கன்றைத் தொட்டு நேராக்கி, சுற்றிலும் மிதித்துவிட்டார். மிதித்தபடியே கேட்டார்.

"அங்கத்த மண்ணு எப்படீங்க?"

"ஈரமுங்க. பாசி" என்றேன். "எதைப் புதைச்சாலும் லேசுல மக்காதுங்க."