எதிர்பார்ப்பும் இருவினையொப்பும்



வதிவிட அனுமதிக்காக முகாமில் காத்திருந்த காலத்தில், தபால் வண்டியின் சத்தம் கேட்டாலே என் நெஞ்சு துள்ளும். கடிதம் இல்லையென்றால் அன்று சோறு இறங்காது. முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் பிள்ளையாரோடு கோபித்துக்கொண்டு சில மாதம் கோயில் பக்கமே போகவில்லை. 108 தேங்காய் நேர்ந்திருந்தேன். அவர் தன் பங்கைச் செய்யவில்லை என்பது என் கணக்கு.

டென்மார்க்கின் லுண்ட்பெக் அறக்கட்டளை மூளை ஆராய்ச்சிக்காக வழங்கும், அப்போது 10 இலட்சம் யூரோவாக இருந்த பரிசு, 2017இல் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரே டோலன் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. அவர்களின் ஆய்வைப் பற்றி வாசித்தபோது அந்தத் தபால் வண்டிதான் நினைவுக்கு வந்தது.

ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்களை அவதானித்தார். எதிர்பாராமல் வாயில் பழச்சாறு விழுந்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று குரங்கு பழகியதும், துடிப்பு விளக்கிற்கு மாறியது. சாறு வந்தபோது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்தக் கணத்தில் கலங்கள் வழமைக்கும் கீழே அடங்கின.

அதாவது, வந்ததின் பெறுமதியை அவை பதிவதில்லை. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே பதிகின்றன. பாதீடு தயாரித்தவர்களுக்கு இது புதிதல்ல. பின்னர் அனுமதி கிடைத்த மகிழ்ச்சி எனக்கு ஒரு மாதமும் நிலைக்கவில்லை. வேலை, வீடு, குடியுரிமை என்று அடுத்தடுத்து விளக்குகள் எரிந்தன.

நம் பெரியோர் இதையெல்லாம் முன்பே கண்டுவிட்டார்கள் என்று முழங்க நான் வரவில்லை. குரங்கின் மூளையும் சைவசித்தாந்தமும் வெவ்வேறு பேரேடுகள். ஆயினும் சித்தாந்தம் இருவினையொப்பு என்ற நிலையைச் சொல்கிறது: நல்வினையின் பயனையும் தீவினையின் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒன்றாக ஏற்பது. மலபரிபாகமும் சத்திநிபாதமும் அதையொட்டியே வருவன. இன்பதுன்பம் வராமற் போகும் என்று அது சொல்லவில்லை. கலங்கள் துடிக்கத்தான் செய்யும். அந்த வித்தியாசத்தை இறைவன் பெயரில் கடனாக எழுதியதுதான் என் பிழை.

நேர்த்தி வைப்பதே தவறென்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அம்மா, நினைத்தது நடவாத வருடமும் பொங்கிப் படைத்தவர். கோபித்திருந்த நாட்களில் தொலைபேசியில் அவரிடம் முறையிட்டேன். "நேர்ந்ததை முதலில் செய் தம்பி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

108 வாங்கக் காசில்லை. இரண்டாவது முடிவு வருமுன்பே மூன்று தேங்காயுடன் ஹேர்னிங் சித்திவிநாயகரிடம் போய் உடைத்தேன். மீதி 105 நிலுவையில் இருந்தது; திருவிழாக்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தேன்.