கதைப்பின்னலும் ஊழும்

நாவலில் எந்தத் துயரமும் தற்செயலாக நிகழ்வதில்லை. பாத்திரம் ஒன்று மாண்டால் அதை மாளச் செய்தவர் ஒருவர் கதைக்கு வெளியே இருக்கிறார். அந்தச் சாவு எந்த இடத்தில் வர வேண்டும், யாரை மாற்ற வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். எனவே கடவுளை மறுக்கும் நாவலாசிரியர்கூடத் தம் நூலுக்குள் கடவுளாக இருந்துகொண்டே அந்த மறுப்பை எழுத வேண்டியிருக்கிறது. நிகழ்ச்சிகளைக் காரணகாரியத் தொடர்பால் கோத்து அமைக்கும் ஒழுங்கே கதைப்பின்னல் எனப்படுகிறது. அதைப் பற்றிப் பேசும்போது அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில், ஆர்கோஸ் நகரில் மித்திஸ் என்பவரின் சிலை அவர் சாவுக்குக் காரணமானவன்மேலேயே விழுந்து அவனைக் கொன்றதை எடுத்துக்காட்டி, தற்செயலாயினும் நோக்கத்தோடு நடந்ததுபோல் தோன்றும் இத்தகைய நிகழ்ச்சிகளைக் கொண்ட பின்னலே மேலானது என்கிறார். இந்த அழகியல் அளவுகோலை நினைவுநூலுக்கு, அதாவது முழு வாழ்க்கையையும் சொல்லாமல் வாழ்ந்த ஒரு பகுதியை மட்டும் சொல்லும் நூலுக்குப் பொருத்தலாமா என்பது வெறும் இலக்கியக் கேள்வி அன்று. அங்கே சிலையை விழச் செய்தவர் எழுதுபவர் அல்லர்.

நல்லவனான, எல்லாம் வல்ல இறைவன் படைத்த உலகில் தீமை ஏன் என்று கேட்டு அதற்கு இறைவன் சார்பில் விடை கூறும் வாதத்துக்கு 'தியோடிசி' என்ற பெயரை லைப்னிட்ஸ் 1710இல் வெளியான தம் நூலின் வழி நிலைநிறுத்தினார். 1755 நவம்பர் 1ஆம் நாள், புனிதர் அனைவரின் பெருவிழாவன்று லிஸ்பன் நகரை அழித்த நிலநடுக்கத்துக்குப் பின் அந்த வாதத்தை வால்டேர் எள்ளி நகையாடியதும் தெரிந்ததே. இந்திய மரபில் அதே இடத்தை வினைக்கோட்பாடு நிரப்புகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனின் முற்பிறப்புப் பழியை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைப்பது மதுரை எரியுண்ட பின்னர்தான் என்பது இங்கே கருதத்தக்கது. விளக்கம் எப்போதும் தாமதமாகவே வந்து சேர்கிறது. கண்ணகியின் சினத்தை அது சிறிதாவது குறைத்ததா என்று கேட்டால் காப்பியம் ஆம் என்று சொல்லவில்லை.

இந்த வினா அண்மைக்கால நூல்களுள் மிகக் கூர்மையாக எழுவது சோனாலி தெரணியகலவின் 'வேவ்' (2013) என்ற நினைவுநூலில் எனலாம். 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையின் யால கடற்கரையில் ஆழிப்பேரலை அவருடைய கணவரையும் இரு மகன்களையும் பெற்றோரையும் ஒருசேரக் கொண்டுசென்றது. பொருளியலாளரான அவர், நிகழ்தகவின்படி தமக்கு நேர்ந்தது அரிதினும் அரிது என்பதை நன்கு அறிந்தவர். அறிந்திருந்தும், முற்பிறப்பில் தாம் பலரைக் கொன்றிருக்க வேண்டும், இல்லையேல் இது எப்படி நேரும் என்று எண்ணிப் பார்க்கிறார். அந்த எண்ணத்தில் பக்தியும் இல்லை, ஆறுதலும் இல்லை. கணக்கு எங்கேயாவது நேராக வேண்டும் என்று மனம் தவிப்பதால், குற்றவாளியாக இருப்பதுகூடக் காரணமற்றவராக இருப்பதைவிடத் தாங்கத்தக்கதாகிவிடுகிறது. ஓடும்போது பெற்றோரின் அறைக்கதவைத் தட்டாமல் வந்ததை அவர் மறைக்கவில்லை. கொழும்பில் பெற்றோரின் வீட்டில் வாடகைக்குக் குடியேறிய டச்சுக் குடும்பத்தை இரவில் மணியடித்தும் கதவை அறைந்தும் தாம் துன்புறுத்தியதையும் எழுதுகிறார். துயரம் மனிதரை மேன்மைப்படுத்தும் என்ற பழைய நம்பிக்கைக்கு உகந்த நூலாக இது இருந்திருந்தால் அந்தப் பகுதிகள் முதல் திருத்தத்திலேயே போயிருக்கும். அவை நின்றதால்தான் நூலை நம்ப முடிகிறது.

ஜோன் டிடியனின் 'தி இயர் ஆஃப் மேஜிக்கல் திங்கிங்' (2005) இவ்வளவு கட்டவிழ்ந்த நூல் அன்று. அதன் வாக்கியங்கள் அளந்து வைக்கப்பட்டவை, சில இடங்களில் அளவுக்கு மீறியே அளக்கப்பட்டவை. எனினும் இறந்த கணவர் திரும்பி வந்தால் தேவைப்படும் என்று அவருடைய காலணிகளைக் கொடுத்துவிட மறுத்த தம் மனநிலையை டிடியன் ஆராயும் பக்கங்கள், நம்பிக்கையற்ற அறிவாளியின் உள்ளத்திலும் சடங்கு எப்படித் தானாகவே பிறக்கிறது என்பதைக் காட்டுவதால், சமயவியல் மாணவர்கள் வாசிக்கத்தக்கவை. நூல் அச்சேறும் முன்பே அவருடைய மகளும் இறந்தார்; டிடியன் கைப்பிரதியைத் திருத்தவில்லை. நாவலாசிரியர் ஒருவர் அந்த இரண்டாம் மரணத்தை உச்சக்கட்டமாக ஆக்கியிருக்கக்கூடும்.

பால் கலாநிதியின் 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' (2016) வேறு வகை. தென்னிந்தியாவிலிருந்து சென்ற கிறித்துவத் தந்தைக்கும் இந்துத் தாய்க்கும் பிறந்த இந்த நரம்பியல் அறுவை மருத்துவர், 37 வயதில் நுரையீரல் புற்றுநோயால் இறப்பதற்குமுன், அறிவியல் மட்டுமே போதும் என்ற நிலையிலிருந்து கிறித்துவத்தின் தியாகம், மன்னிப்பு முதலிய விழுமியங்களுக்குத் தாம் திரும்பியதை எழுதினார். ஓரிரு இடங்களில் நோயே அவரை அந்த முடிவுக்கு நடத்திச் சென்றதுபோல் பின்னல் இறுகிவிடுகிறது. நூல் முடிவுறாமல் நின்று மனைவி எழுதிய பின்னுரையால் நிறைவதே அதற்கு மாற்றாக அமைகிறது.

அப்படியாயின் நம்பிக்கையுள்ள நாவலாசிரியர் என்ன செய்வது? மேரிலின் ராபின்சனின் 'கிலியட்' (2004) இதற்குத் தரும் விடை எதிர்பாராதது. 1956இல், அயோவா மாநிலச் சிற்றூர் ஒன்றில், 76 வயதான போதகர் ஜான் ஏம்ஸ் தம் சிறு மகனுக்கு எழுதும் நீண்ட மடலே இந்நாவல். இன்னார் மீட்கப்படுவர், இன்னார் கைவிடப்படுவர் என்று இறைவன் முன்னரே தீர்த்துவிட்டான் என்னும் கால்வினிய முன்குறிப்புக் கோட்பாட்டைப் பற்றி, தந்தையின் நண்பரான அவரிடம் ஜாக் பௌட்டன் என்ற வழிதவறிய மகன் கேட்கும்போது, வாழ்நாளெல்லாம் இறையியல் படித்த முதியவர் நழுவுகிறார். ஒருவர் மாற முடியும் என்று சொல்வது பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அவருடைய மனைவிதான். ராபின்சன் நினைத்திருந்தால் ஜாக்கின் விதியை ஒரே அத்தியாயத்தில் எழுதி முடித்திருக்கலாம். அதே கோடைக்காலத்தை இன்னொரு வீட்டிலிருந்து பார்க்கும் 'ஹோம்' (2008) நாவலிலும், அவனுடைய முன்னாள் வாழ்க்கைக்குத் திரும்பும் 'ஜாக்' (2020) நாவலிலும்கூட அவர் அவனுக்கு மீட்பையும் விதிக்கவில்லை, கேட்டையும் விதிக்கவில்லை.