கேட்கப்படாத யானை

திண்டுக்கல் மலைக்கோட்டையிலிருந்து மேற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் அடிவாரத்தில் விருப்பாச்சி. பாளையங்களின் காலத்தில் இந்தச் சமவெளியில் பெரியவர் ஒருவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போனதில்லை. நஜர் என்ற காணிக்கையை வைப்பவர் கீழே, கில்லத்து என்ற மரியாதை ஆடையைப் போர்த்துபவர் மேலே. சபையில் யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பட்டும் குதிரையும் சொல்லிவிடும்.

*

1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திண்டுக்கல் திப்புவின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. கம்பெனி அதிகாரிகள் அன்பளிப்பு வாங்குவதை 1773ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது. வாங்காவிட்டாலோ கொடுப்பவருக்கு அவமானம். அதற்கும் வழி கண்டார்கள். வந்த பொருள் தோஷாகானா என்ற பரிசுக் கருவூலத்துக்குப் போகும். மதிப்புப் போட்டு, ஏறக்குறைய அதே விலைக்கு வேறொன்றைத் திருப்பித் தருவார்கள். ஒரு ராஜா கொடுத்த சால்வை பிறகு இன்னொரு ராஜாவின் தோளுக்கு ஏறும். எனக்கு இதில் சிரிப்புத்தான் வருகிறது.

பிற்காலத்து வைஸ்ராய் தர்பார்களில், நஜராக நீட்டிய மொகர் என்ற தங்க நாணயத்தை வைஸ்ராய் விரலால் தொட்டுவிட்டு அப்படியே திருப்பிவிடுவார். தொட்டாலே மரியாதை செலுத்தியாயிற்று.

*

கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரை 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அந்தப் போரில் கம்பெனி பக்கம் நின்றவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த சீமையும் வேண்டுமென்று கேட்டார், 1803இல் கிடைத்தது. லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர் சபை 1806இல் அதை உறுதி செய்தது. பிறருக்குக் கைமாற்றக் கூடாது, குடிகளைக் கொடுமைப்படுத்தினால் சீமை திரும்பிப் போகும் என்பவை நிபந்தனைகள். கூடவே ஆண்டுக்கு ஒரு யானை கப்பம்.

அந்த யானையைக் கம்பெனி ஒரு வருஷம்கூடக் கேட்கவில்லை. 1836இல் முறைப்படித் தள்ளுபடி செய்துவிட்டது. கேட்டு வாங்கிய தொண்டைமான் அதற்குள் காலமாகி இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

*

இந்தத் தாராளம்தான் என்னை உறுத்துகிறது. யானை போயிருந்தால் அந்தந்த வருஷக் கணக்கு அந்தந்த வருஷமே தீர்ந்திருக்கும். அதே புதுக்கோட்டைச் சீமையில் இன்றும் மொய் விருந்து நடக்கிறது. மொய் நோட்டில் ஏறிய தொகையைத் திருப்பிச் செய்யும்வரை தலை நிமிராது. கீழாநிலை விஷயத்தில் நோட்டிலும் எழுதிவிட்டு, வாங்கவும் மறுத்துவிட்டார்கள். தள்ளுபடி உத்தரவைப் படித்த அரண்மனைக்காரர்களுக்கு யானை மிச்சம் என்று தோன்றியிருக்குமா, தாங்கள் கொடுப்பதற்குக்கூடக் கணக்கில்லை என்று தோன்றியிருக்குமா?

விருப்பாச்சி 1801க்குப் பிறகு பாளையமாகத் தலையெடுக்கவில்லை. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை சமஸ்தானமாகவே இருந்தது.