ஐந்தாவது துளை

எங்கள் பக்கத்து வீட்டுத் திண்ணைத் தூணில் ஐந்து மாத காலமாக ஒரு பழைய தோல் பெல்ட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நாயின் கழுத்தில் மாட்டுகிற பெல்ட்டு. கடையில் வாங்கும்போதே அதில் நான்கு துளைகள் இருந்தன. இயந்திரம் இட்டவையாதலால் நான்கும் ஒரே அளவாக, விளிம்பு பிசிறில்லாமல் இருந்தன. ஐந்தாவது துளை மட்டும் கோணல். அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் குத்தியதால் அதன் ஓரம் கருகி, தோல் சற்றே மேலெழும்பி, ஆறிப்போன அம்மைத் தழும்பைப் போல இருக்கும். காலையில் பல் துலக்கக் கிணற்றடிக்குப் போகும்போதும், அந்தியில் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும்போதும் அந்தத் துளை என் கண்ணில் படாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. அதை இட்டது பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆனால் இடச் செய்தவன் நான்.

நான் குடியிருப்பது கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துத் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூர். களக்காடு, முண்டந்துறைக் காடுகளைச் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகமாக்கினார்கள். தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகம் அதுதான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் புலியைக் கண்டதில்லை. அவர்கள் அறிந்ததெல்லாம் சிறுத்தை. அதன் பெயரை இருட்டிய பிறகு பெரியவர்கள் உச்சரிப்பதில்லை. 'அது வந்துச்சு', 'அது போச்சு' என்றே பேச்சு நடக்கும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏழெட்டு வெள்ளாடுகள், மணி என்று ஒரு நாய். செவலை நிறம், ஒரு காது மடிந்திருக்கும், ஜாதி சொல்லத் தெரியாத நாட்டு நாய். எனக்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் பிடித்த பொழுதுபோக்காகப் பத்துப் பன்னிரண்டு கோழிகள். அவற்றுள் சில காணாமற்போகத் தொடங்கின. வேலியோரம் இறகு கிடந்தது. ஒரு நாள் மணி அந்த இறகுகளை முகர்ந்துகொண்டு நின்றதை நான் கண்டேன். முகர்ந்து நின்றதைத்தான் கண்டேன், கவ்வியதைக் காணவில்லை. இந்த வித்தியாசம் இப்போது எனக்குப் பிரம்மாண்டமாகத் தெரிகிறது, அன்று தெரியவில்லை. வேலிக்கு இப்பாலிருந்து முறையிட்டேன். அவர் மறுத்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் நாயைக் கட்டிப்போட்டார். அதுவோ தலையைப் பின்னுக்கு இழுத்துப் பெல்ட்டை உருவிவிட்டு மறுநாளே தோப்பில் திரிந்தது. நான் இரண்டாம் முறை போனேன். என் குரலில் அப்போது கொஞ்சம் உஷ்ணம் இருந்திருக்க வேண்டும். "இனி உருவாது அண்ணாச்சி" என்று சொல்லி, அவர் என் கண்ணெதிரிலேயே ஆணியைக் காய்ச்சினார். தோல் கருகிய நாற்றம் எழுந்தது. நான் திருப்தியோடு வீடு திரும்பினேன்.

பதினோராம் நாள் பின்னிரவில் மணி குரைத்தது. குரைத்தது என்று சொல்வதுகூடப் பிசகு. ஒரே ஒரு குரல், அது முடிவதற்குள் சங்கிலி சிமெண்டுத் தரையில் இழுபடுகிற ஓசை, பிறகு நிசப்தம். விழித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து விளக்கைப் போடவில்லை. சங்கிலி அறாததால் தூக்கிக்கொண்டு போக முடியாமல் அது அங்கேயே தன் காரியத்தை முடித்துக்கொண்டு போயிருந்தது என்பதைக் காலையில் பார்த்தோம். பெல்ட்டு ஐந்தாவது துளையில் மாட்டியது மாட்டியபடியே இருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

நாய் உருவிக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருக்குமா? ஐந்து மாதமாக இந்தக் கேள்வியை நான் பல கோணங்களில் திருப்பிப் பார்த்தாயிற்று. சிறுத்தைக்கு நாயின் மேல் உள்ள விருப்பம் மலையடிவாரங்களில் யாவரும் அறிந்தது. ஓடுகிற நாயைப் பிடிப்பது அதற்கு ஒரு பிரயாசையுமில்லை. அது நாலு பாய்ச்சலில் முடிகிற வேலை. ஆகவே துளைக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று பகலில் தீர்மானித்துக்கொள்வேன். ஆனால் நாய்க்குச் சிறுத்தையின் வாடை முன்கூட்டியே தெரியும், தெரிந்திருந்தால் ஆட்டுக்கொட்டிலுக்குள்ளோ வீட்டுப் படலுக்குப் பின்னாலோ அது போய் ஒடுங்கியிருக்கும், அந்த ஒற்றைக் குரலுக்கு முன்னால் எத்தனை நேரம் அது பெல்ட்டைப் பின்னுக்கு இழுத்து இழுத்துப் பார்த்ததோ என்ற நினைப்பு இரவில் வரும். பகலின் தீர்மானங்கள் இரவில் செல்லுபடியாவதில்லை.

கோழியைக் காப்பது எனக்குச் சிறுவயதிலேயே ஏற்பட்ட உத்தியோகம். என் ஆச்சி வீடு கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசற்காட்டில் இருந்தது. பொழுது சாய்ந்ததும் கோழிகளையும் குஞ்சுகளையும் கூப்பிட்டுப் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடி, அதன் தலைமேல் அம்மிக் குழவியை வைக்கவேண்டும். கவிழ்ப்பது ஆச்சியின் வேலை. குழவியைத் தூக்கி வைப்பது என் வேலை. ஏழு வயதுப் பையனுக்கு அந்தக் குழவி பெரும் பாரம். மார்போடு அணைத்து, மூச்சுப் பிடித்து ஏற்றுவேன். கீரியும் காட்டுப்பூனையும் பஞ்சாரத்தை நெம்பிவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்தக் காலத்தில் உழுத நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவார்கள். குட்டிகளைக் கூடாப்பின் கீழ் அடைத்துவிட்டு, கிடைக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நரிக்குக் கேட்கட்டும் என்று இரவில் அவ்வப்போது குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவது ஒரு சுகம். ஓர் இரவு அப்படித்தான், தெருக்கூத்துப் பார்த்துவிட்டு வந்த களைப்பில், குழவியை வைக்க மறந்து தூங்கிவிட்டேன்.

விடிந்து பார்த்தால் பஞ்சாரம் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. தாய்க்கோழி கூரையின்மேல். ஒன்பது குஞ்சுகளில் மிஞ்சியது இரண்டு. ஆச்சி என்னை அடிப்பாள் என்று வைக்கோற்போருக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தேன். அவள் வந்து என் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சோறு போட்டாள். "அதுக்கும் வயிறு இருக்குல்லா" என்றாள். அவ்வளவே. சாயங்காலம் குழவியைத் தானே தூக்கி வைத்தாள். அன்று முதல் நான் எத்தனை கெஞ்சியும் அந்த வேலையை எனக்குத் தரவேயில்லை. மன்னித்தாளா தண்டித்தாளா என்பது அறுபது வருஷங்களாகியும் எனக்குப் பிடிபடவில்லை. இதை ஏன் இங்கே சொல்லவந்தேன் என்பதும் தெளிவாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மௌனத்தைக் காணும்போதெல்லாம் ஆச்சி குனிந்து குழவியைத் தூக்குவது நினைவுக்கு வருகிறது.

வாலிபத்தில் ஜிம் கார்பெட்டின் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தவன் நான். கேதாரநாத், பத்ரிநாத் யாத்திரை வழியில் எட்டு வருஷம் நூற்றிருபத்தைந்து பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926-இல் அவர் சுட்டுக் கொன்ற வரலாறு, வாசித்த எவருக்கும் மறக்காது. எனக்கோ சிறுத்தையின் நீளமும் துப்பாக்கியின் விவரமும் மறந்துவிட்டன. மறக்காமல் நிற்பது ஓர் ஆடு. கடைசி இரவில் இரையாகக் கட்டிவைத்த ஆடு. அதன் கழுத்தில் மணி கட்டியிருந்தார். இருளில் மணி ஒலித்ததும் விளக்கைப் பாய்ச்சிச் சுட்டார். சிறுத்தை செத்தது, ஆடு பிழைத்தது. அந்த ஆட்டுக்கு அவர் பிற்பாடு அழகிய பித்தளைப் பட்டை ஒன்று பூட்டினாரென்றும், அதை விற்ற மனிதரிடமே திருப்பிக் கொடுத்துவிட, அவர் அந்த அதிசய ஆட்டைக் காட்டி நாலு காசு சம்பாதித்தாரென்றும் படித்த ஞாபகம். முன்பு இந்த இடத்தில் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்பேன். இப்போது அந்தப் பித்தளைப் பட்டை என்னை விடமாட்டேனென்கிறது. அது பிழைத்த ஆட்டுக்குக் கொடுத்த வெகுமதியா, கட்டிவைத்தவரின் பிராயச்சித்தமா? அந்த ஆட்டுக்கு முன்னால் அதே காரியத்துக்காகக் கட்டப்பட்டுப் பிழைக்காத ஆடுகளும் உண்டு. அவற்றுக்குப் பட்டையில்லை.

இமயமலைப் பக்கத்து ஆட்டிடையர்கள் தங்கள் நாய்களுக்கு முள் வைத்த இரும்புப் பட்டை பூட்டுவது வழக்கம். சிறுத்தை கொல்லும்போது கழுத்தைத்தான் கவ்வும். ஆகவே கழுத்துக்குக் கவசம். ஒரு தேசத்தில் நாயைக் காப்பாற்றுகிற அதே இடத்தில், அதே சுற்றளவில், இங்கே நாங்கள் அதைக் கட்டிப்போடுகிறோம். ஆனால் நம்மவர்களும் நாயை மறந்தவர்களல்லர். திருவண்ணாமலைச் சீமையில் எடுத்தனூர் என்ற ஊரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுபிடி சண்டையில் இறந்த வீரனோடு, கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் அதிலே செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷங்களாக ஒரு நாயின் பெயர் வெயிலில் நிற்கிறது. கொங்கு நாட்டில் பட்டிமாடுகளுக்காகப் புலியோடு போராடி மாண்டவர்களுக்குப் புலிகுத்திக் கற்கள் எத்தனையோ உண்டு. அந்த மனிதர்கள் இரவில் சத்தம் கேட்டு எழுந்து வெளியே வந்தவர்கள். நான் எழுந்திருக்கவில்லை என்பதை முன்பே சொல்லிவிட்டேன். எழுந்து விளக்கைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் துளையைப் போன்ற இன்னொரு கேள்வி. அதற்குள் நான் அதிகம் போவதில்லை.

ஊரில் அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். வனத்துறையார் வந்து கால்தடம் பார்த்தார்கள். ஆடுகளைத் திறந்த கொட்டிலில் விடாமல் கதவு வைத்து அடையுங்கள், வீட்டைச் சுற்றிய புதரை வெட்டுங்கள், விளக்கு எரியட்டும் என்றார்கள். யாவும் நல்ல யோசனைகளே. பிறகு தோப்போரத்தில் கூண்டு வைத்தார்கள். கூண்டின் தனித் தடுப்புக்குள் ஓர் ஆட்டைக் கட்டினார்கள். இரவு முழுவதும் அது கத்திக்கொண்டிருந்தது. சிறுத்தை கம்பிக்கு இப்பால் வர முடியாது, ஆட்டுக்கு ஒன்றும் நேராது என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஆட்டுக்குத் தெரியாது. சிறுத்தை வரவில்லை. மூன்று வாரத்துக்குப் பின் கூண்டை வேறோர் ஊருக்கு எடுத்துப்போனார்கள். பிடிபட்டுத்தான் என்ன? ஒன்றைப் பிடித்து எங்கோ விட்டால் காலியான இடத்துக்கு வேறொன்று வந்துசேர்கிறது என்று அனுபவஸ்தர்கள் சொல்லுகிறார்கள்.

இத்தனைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஒரு சொல் குறைகூறவில்லை. அன்று காலை மண்வெட்டியோடு தென்னைக்கு அடியில் குழி தோண்டிக்கொண்டே, "சங்கிலி நல்ல சங்கிலி அண்ணாச்சி, கொஞ்சங்கூட விடலை" என்றார். பொருளைப் பற்றிச் சொன்னதா, என்னைப் பற்றிச் சொன்னதா? அவர் சூது அறியாதவர். சங்கிலியைப் பற்றித்தான் சொல்லியிருப்பார். அவர் மனைவி எப்போதும்போல மோர் கொடுத்தனுப்புகிறாள். அவர்கள் ஒரு முறை சண்டை பிடித்திருந்தால் நானும் என் கட்சியைப் பேசித் தீர்த்திருப்பேன்.

மணி போன இரண்டாம் மாதத்தில் என் கோழி இன்னொன்று காணாமற்போயிற்று. அதே வேலியோரம், அதே மாதிரி இறகு. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கீரியாக இருக்கலாம், மரநாயாக இருக்கலாம். முந்தைய கோழிகளையும் அதுவே கொண்டுபோயிருக்கலாம். அல்லது முந்தையவற்றை மணி தின்று, இதைக் கீரி தின்றிருக்கலாம். இறகுக்கு வாயில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்தச் செய்தியைச் சொல்லவேண்டியது நியாயம் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதமாக நான் சொல்லவில்லை. இறகுகளைப் பொறுக்கிக் குப்பைக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன், அவ்வளவுதான்.

நேற்று அவர் ஒரு குட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். கறுப்பு நிறம், பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். தூணிலிருந்த பெல்ட்டைக் கழற்றி, தூசி தட்டி, தேங்காயெண்ணெய் பூசி அதன் கழுத்தில் சுற்றிப் பார்த்தார். ஐந்தாவது துளையிலும் அது வளையல்போலத் தொங்கிற்று. வேலிக்கு மேலாக என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அடுப்பில் ஆணி சிவந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க. எங்கன குத்தட்டும்? நீங்களே சொல்லுங்க."

நான் பெல்ட்டைக் குட்டியின் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து, இடையே விரலை நுழைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஒரு விரல். குட்டி என் மணிக்கட்டை நக்கியது. இரண்டு விரலென்றால் நாளைக்கு உருவிக்கொண்டு என் வேலியைத் தாண்டும். ஒரு விரலென்றால், எதுவோ. இன்றிரவு அதை உள்ளே கட்டுவாரா வெளியே கட்டுவாரா என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். கேட்க எனக்கு என்ன பாத்தியதை என்றும் தோன்றிற்று. விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஆணி ஆறிருது, அண்ணாச்சி" என்றார் அவர்.