யார் கையொப்பமிடுவது?

கொல்லிப்பாவையின் கதை இம்மலையில் அறியாதவர் இல்லை. சங்கப் புலவர்கள் பாடிய அந்தப் பாவை, தன்னை நெருங்கி வருவோரைப் புன்னகையால் மயக்கி உயிரைப் பறிக்கும் என்பது மரபு. எட்டுக்கை அம்மனோடு அவளை இணைத்துப் பேசுவோரும் உண்டு. நான் இங்குப் பணிக்கு வந்த புதிதில் அக்கதையைக் கேட்டபோது, குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த பழக்கத்தால் ஒரு வினா எழுந்தது. பாவைக்குப் பாவம் உண்டா? உயிர் போயிருக்கிறது, போக்கியது அதுவே, ஆயினும் கொல்ல வேண்டும் என்று எண்ணுவதற்கு அதனுள் ஒரு மனம் இல்லையே! விளையாட்டாக எழுந்த அந்த வினா, சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு தகப்பனின் உருவில் என் அறைக் கதவைத் தட்டியது. அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மனநோயும் கொலையும் நீதிமன்றமும் ஒன்றுசேரும் கதைகள் நம் மக்களுக்கு மிகவும் பிடித்தவை. 2005-இல் வெளிவந்த ‘அந்நியன்’ திரைப்படத்தை அறியாத இளைஞர் எங்கள் பங்கில் இல்லை. ஓர் உடலில் மூன்று ஆள்களாக வாழும் வழக்கறிஞன் கொலைகள் செய்கிறான். நீதிமன்றம் அவனை நோயாளி என்று ஏற்றுச் சிகிச்சைக்கு அனுப்புகிறது. குணமானவனாக வெளிவந்தவன், இறுதியில் ஓடும் ரயிலிலிருந்து ஒருவனைத் தள்ளிக் கொல்கிறான். திரையரங்கில் அது சுவையான திருப்பம்தான். ஆனால் அங்கிருந்து எழுந்து வருகிற மனிதன் எதைக் கையோடு கொண்டு வருகிறான்? மனநோய் என்பது தண்டனையிலிருந்து தப்பிக்க ஒரு கதவு, அதன் வழியே வெளியேறுகிறவன் உள்ளூரச் சிரித்துக்கொண்டே போகிறான் என்னும் ஐயத்தைத்தான். “கொலை பண்ணிட்டுப் பைத்தியம்னு சொன்னா விட்டுடுவாங்களா சாமி?” என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன் என்னிடமே கேட்டான்.

விட்டுவிட மாட்டார்கள். 1843-இல் இலண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். ஆளும் கட்சியினர் தம்மை ஓயாமல் துரத்துகிறார்கள் என்னும் பொய்த்தோற்றம் அவரைப் பற்றியிருந்தது. குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பானதும் நாடு கொதித்தது; பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டது. அவர்கள் அளித்த விடைகளே நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவுக்கு அடிப்படையாயின. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22-ஆம் பிரிவாக நிற்கிறது. செயலைச் செய்த அந்த வேளையில், சித்த சுவாதீனம் இல்லாமையால், அச்செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய இயலாதிருந்தவர் செய்தது குற்றமாகாது என்பதே அதன் சாரம். மெக்நாட்டனோ வீடு திரும்பவே இல்லை. மனநோயாளர் காப்பகத்திலேயே இருந்து 1865-இல் அங்கேயே இறந்தார்.

சட்டம் எடுத்த எடுப்பில் ஒவ்வொருவரையும் தெளிந்த புத்தியுடையவர் என்றே கொள்கிறது. அவ்வாறு அல்ல என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவருடையது. மருத்துவச் சீட்டு ஒன்று மட்டும் போதாது. நோய் இருந்தது வேறு, அந்த நோய் அந்த நேரத்தில் அறிவை மறைத்தது வேறு என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. மகாராட்டிரத்தில் மனைவியைக் கொன்ற ஒரு காவலரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் இவ்விலக்கை ஏற்றது. அவருக்கு மனச்சிதைவு நோய் இருந்ததற்கும் முன்பே சிகிச்சை பெற்றதற்கும் சான்று இருந்தது. கொலைக்குப் பின் அவர் ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. தப்பிக்கும் கதவைத் தேடுகிறவன் செய்கிற காரியமா இது?

அறிவு இருந்ததா என்பதோடு அரச சட்டம் நின்றுவிடுகிறது. நம் அறநெறி மரபு இன்னும் ஓரடி உள்ளே செல்கிறது. சாவான பாவத்துக்குக் கனமான காரியம் மட்டும் போதாது. முழு அறிவும் முழு மனச்சம்மதமும் வேண்டும் என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். தவறு என்று அறிந்திருந்தும், காதில் ஓயாது கட்டளையிடும் ஒரு குரலை மறுக்க வலுவற்றுப்போனவன் முழு மனத்தோடு சம்மதித்தான் என்று யார் சொல்லக்கூடும்? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1322-ஆம் எண் இன்னும் வியப்பானது. வழக்கமாகப் பகுத்தறிவின் பயன்பாடு அற்றவர், சட்டத்தை மீறிய வேளையில் தெளிவுடையவர் போலத் தோன்றினாலும், குற்றம் புரிய இயலாதவர் என்றே அது கருதுகிறது. அரச சட்டம் அந்த ஒரு நொடியைப் பார்க்கிறது. திருச்சபைச் சட்டம் ஆளை முழுதாகப் பார்க்கிறது. (எளிதில் ஏமாறக்கூடிய சட்டம் என்று என் வழக்கறிஞர் நண்பர் ஒருவர் சிரிப்பார். இருக்கட்டும்.)

ஆனால் அந்தத் தகப்பன் கேட்டது இவற்றில் எதையும் அல்ல. மூத்த மகன் இளைய மகனை அரிவாளால் வெட்டினான். அவனுக்குப் பல ஆண்டுகளாக நோய். அவன் குற்றவாளி அல்லன் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தகையவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கவோ, உறவினரோ நண்பரோ விண்ணப்பித்து, ஒழுங்காகப் பராமரிப்போம், தனக்கும் பிறர்க்கும் தீங்கு செய்யாமல் காப்போம் என்று பிணை கொடுத்தால் அவர்களிடம் ஒப்படைக்கவோ சட்டம் இடமளிக்கிறது. அந்தத் தாளைத்தான் அவர் மடித்துக் கொண்டுவந்திருந்தார். “நான் கையெழுத்துப் போட்டா, செத்தவன் என் புள்ளை இல்லைன்னு ஆயிடாதா சாமி?”

எனக்கு உடனே விடை வரவில்லை. மன்னியுங்கள் என்று சொல்வது எங்கள் தொழிலில் எளிது. ஆனால் பாவமே செய்யாதவனை எதற்காக மன்னிப்பது? கொலைகாரன் ஒருவன் இருந்தால் துக்கத்துக்குத் திட்டுவதற்கு ஒரு முகமாவது கிடைக்கும். இங்கோ துக்கம் இருக்கிறது, குற்றவாளி இல்லை. நம் மன்றாட்டுப் புத்தகங்களில் இப்படிப்பட்ட துயரத்துக்கென்று ஒரு செபம் நான் கண்டதில்லை.

கையொப்பமிட ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அறிந்திருந்தேன். அஸ்ஸாமில் மச்சாங் லாலுங் என்ற பழங்குடி மனிதர் 1951-இல் கைதாகித் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-இல் அவர் தெளிவாக இருக்கிறார் என்று மருத்துவமனை அறிவித்தும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை, சிறைக்குத்தான் அனுப்பப்பட்டார். வழக்கு விசாரணையே நடவாமல் 54 ஆண்டுகள் கழிந்து, 2005-இல் முதியவராக வெளிவந்தார். கேட்பார் இல்லாத மலைவாசி ஒருவரைக் கோப்புகளுக்கிடையே மறந்துவிடுவது அவ்வளவு எளிது.

மாற்கு நற்செய்தியில் கல்லறைகளில் திரிந்த மனிதன் தெளிவு பெற்றபின் இயேசுவுடனேயே வந்துவிட விரும்புகிறான். அவரோ அவனை அவன் வீட்டாரிடமே போகச் சொல்கிறார். அந்த வீட்டார் என்ன நினைத்தார்கள் என்று மாற்கு எழுதவில்லை. ஊரார் அஞ்சி, இயேசுவையே தங்கள் பகுதியை விட்டுப் போகும்படி வேண்டியதை மட்டும் எழுதியிருக்கிறார். அந்த அச்சத்தை நான் இகழ மாட்டேன். இன்னொருவர் பிணை நின்றால் நல்லது என்று ஞாயிறு திருப்பலிக்குப் பின் நான் கேட்டபோது, கோவிலில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பின்பு, அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நானும் அதுவரை என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

தகப்பனும் நானும் கையொப்பமிட்டோம். பல மாதங்களுக்குப் பின், மருந்தும் மருத்துவரின் அறிவுரையுமாக, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அவனை அழைத்துவந்தோம். வழியெல்லாம் அவன் பேசவில்லை. மிளகுக்கொடி படர்ந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்த அரிவாள்களையெல்லாம் தாய் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். சோறும் வடித்து வைத்திருந்தார்.